தேர்க்காலில் தங்கும் பழி

உயிரற்ற ஒரு பொருளால் ஓர் உயிர் போகும்போது, அந்தச் செயலின் பழியில் ஏதேனும் ஒரு பங்கு அந்தப் பொருளின் மீது தங்குமா என்ற கேள்வி, முதல் பார்வையில் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், சமயங்களும் சட்டங்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் சுமந்துவந்த கேள்வியாகும். சங்கரன்கோவில் போன்ற ஒரு கோயிலூரில் இக்கேள்விக்கு அன்றாட வடிவம் உண்டு. விபத்தில் சிக்கிய வண்டியை மீட்டுக்கொண்டு வருபவர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே அதை வீட்டு வாசலில் நிறுத்துகிறார்; உயிர்ப்பலி நேர்ந்த வண்டி என்று தெரிந்தால் வாங்க வருபவர் விலையைக் குறைப்பதோடு நில்லாமல் பல நேரங்களில் வாங்காமலே திரும்பிவிடுகிறார்; காவல் நிலைய வளாகத்தில் வழக்குச் சொத்தாக நின்று துருவேறும் வண்டியைப் பார்த்துச் செல்வோர் அதில் இரும்பையும் கண்ணாடியையும் மட்டும் காண்பதில்லை. இவ்வழக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு ஒதுக்குபவரும், ஒரு கொலைக்குப் பயன்பட்ட கத்தியைக் கழுவித் தம் சமையலறையில் வைத்துக் காய் நறுக்க இசையமாட்டார் என்பதால், அந்தச் சொல்லுக்குள் கேள்வி அடங்கிவிடுவதில்லை.

பண்டைய ஏதென்ஸ் நகரில் மனிதரைக் கொன்ற கல், மரம், இரும்பு ஆகியவற்றை விசாரிப்பதற்கென்றே பிரிட்டேனியம் என்னும் மன்றத்தில் ஒரு முறை இருந்தது. குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட பொருள் நாட்டின் எல்லைக்கு வெளியே எறியப்பட்டது. தாசோஸ் தீவில் தியாகனிஸ் என்ற மல்லனின் வெண்கலச் சிலையை, அவன் மீது பகைகொண்ட ஒருவன் இரவுதோறும் சாட்டையால் அடித்துவந்ததாகவும், ஒருநாள் சிலை சாய்ந்து அவனைக் கொன்றதாகவும், இறந்தவனின் மக்கள் வழக்குத் தொடுத்துச் சிலையைக் கடலில் எறியச் செய்ததாகவும் பொது ஆண்டு இரண்டாம் நூற்றாண்டில் பயணநூல் எழுதிய பவுசானியஸ் கூறுகிறார். நாடு விளைச்சலற்றுப் போனபின், டெல்பியின் தெய்வவாக்கைக் கேட்டு, மீனவர் வலையில் அகப்பட்ட அதே சிலையைக் கொண்டுவந்து நிறுத்தித் தெய்வமாக வழிபட்டனர் என்பது அக்கதையின் முடிவு. தண்டிக்கப்பட்ட பொருளும் வணங்கப்பட்ட பொருளும் இங்கு ஒன்றே என்பது குறித்துக்கொள்ளத்தக்கது. பழியும் புனிதமும் ஒரே ஊற்றிலிருந்து சுரப்பவை போலும்.

இங்கிலாந்தின் பழைய சட்டத்திலும் இதற்கு ஒரு விதி இருந்தது. மரணத்துக்குக் காரணமான வண்டிச் சக்கரமோ, குதிரையோ, கொதிகலனோ எதுவாயினும் அதன் மதிப்பு அரசனிடம் சேர்ந்து அறப்பணிக்குச் செல்ல வேண்டும் என்பதே அவ்விதி. ‘கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது’ என்ற பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து அதன் பெயர் பிறந்தது. குதிரைவண்டிக் காலத்தில் சில பணங்களோடு முடிந்துவந்த இவ்விதி, இருப்புப்பாதை வந்ததும் தலைகீழாயிற்று. 1841 டிசம்பர் 24 அன்று சோனிங் என்னுமிடத்தில் மண்சரிவில் மோதிய தொடர்வண்டியில் பலர் மாண்டபோது, விசாரணைச் சான்றாயர் அந்த எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1000 பவுன் மதிப்பிட்டனர். இரும்பின் பழி திடீரென்று முதலாளிகளின் பணப்பெட்டியைத் தொட்டவுடன், ஐந்தே ஆண்டுகளில், 1846இல், அந்த விதி நீக்கப்பட்டு, இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கோருவதற்கான சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியில் 1855இல் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் வந்தது. கடவுளுக்குச் சேர வேண்டியிருந்தது கைம்பெண்ணுக்குச் சேரலாயிற்று என்று இம்மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லலாம். அது நல்ல மாற்றமே.

ரஷ்யாவில் இக்கேள்வி இன்னும் விசித்திரமான உருவம் கொண்டது. 1591இல் உக்லிச் நகரில் திமித்ரி என்ற எட்டு வயது இளவரசன் கழுத்தறுபட்டு மாண்டபோது, கோயில் மணி ஒலித்து ஊரைக் கூட்டியது. கூடிய மக்கள், கொலைகாரர் என்று தாம் ஐயுற்றவர்களை அடித்துக் கொன்றனர். அரசு மக்களைத் தண்டித்ததோடு மணியையும் தண்டித்தது. அதற்குச் சாட்டையடி கொடுத்து, நாக்கை அகற்றி, தொங்கவிடும் காதை அறுத்து, சைபீரியாவுக்கு நாடு கடத்தினர். மன்னிக்கப்பட்டு அது ஊர் திரும்பியது 1892இல். அதே நாட்டில் 1881 மார்ச் 13 அன்று இரண்டாம் அலெக்சாந்தர் பேரரசர் மீது வீசப்பட்ட முதல் குண்டு அவருடைய வண்டியைச் சிதைத்தும் அவரைக் கொல்லவில்லை. இறங்கி நின்றவர் இரண்டாம் குண்டுக்கு இரையாகி, காவல் தலைவரின் சறுக்குவண்டியில், அதாவது பனியின்மேல் சக்கரமின்றி வழுக்கிச் செல்லும் குதிரைவண்டியில், அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர்விட்டார். பின்னாளில் அவ்விடத்தில் எழுப்பப்பட்ட பெருங்கோயிலுக்குள் அவர் குருதி படிந்த வீதிக்கற்கள் விதானம் அமைத்துப் பாதுகாக்கப்படுகின்றன. மணி பழிக்கும், கல் வணக்கத்திற்கும் உரியதாக, உயிரைச் சுமந்து ஓடிய வண்டி இரண்டிலும் சேராமல் போயிற்று.

தமிழ் மரபில் இக்கேள்வி ஒரு தேரைச் சுற்றியே எழுகிறது. திருவாரூர்க் கோயிலின் வெளிப்புறத்தில் வடகிழக்குப் பக்கமாக நிற்கும் கல்தேர், குதிரைகள் பூட்டிய தேரொன்று ஒரு கன்றின்மேல் ஏறிய நிகழ்ச்சியை நினைவூட்டுவதற்காகவே அமைந்தது. கன்றைக் கொன்ற தன் மகனை அதே தேர்க்காலில் இட்டுத் தாய்ப்பசுவுக்கு நீதி வழங்கிய மனுநீதிச் சோழனின் இக்கதை சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊர்ப்பெருமை சொல்லுமிடத்தில் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தின் தொடக்கத்தில் திருவாரூரின் சிறப்பைச் சொல்லும்போது அதை விரித்துரைக்கிறார். 1854இல் இராமலிங்க அடிகள் ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்ற உரைநடை நூலாக அதை எழுதினார். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அவ்வரசனுக்குச் சிலை உண்டு. மாவட்ட ஆட்சியர்கள் ஊர்களுக்குச் சென்று மனு வாங்கும் நாளுக்கு ‘மனுநீதி நாள்’ என்றே பெயர். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரிசையில் நிற்பவர், தம்மை அறியாமலே, ஒரு பசுவின் இடத்தில் நிற்கிறார்.

சேக்கிழாரின் கதையமைப்பைக் கூர்ந்து பார்த்தால், அவர் இளவரசனைக் கொடியவனாகக் காட்டவில்லை என்பது புலப்படும். பரிவாரம் சூழத் தேரில் வந்தவனின் வழியில், யாரும் காணாத வகையில், இளங்கன்று ஒன்று துள்ளிப் பாய்ந்து சக்கரத்தில் அகப்படுகிறது, அவன் பதறுகிறான், தந்தை அறியுமுன் இதற்குரிய கழுவாய் என்னவென்று அந்தணரிடம் கேட்கப் புறப்படுகிறான். கழுவாய் என்பது வடமொழியில் பிராயச்சித்தம் எனப்படும், செய்த பாவத்தை நீக்கும் சடங்கு. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்தபின் அமைச்சர்களும் அதே கழுவாயைத்தான் பரிந்துரைக்கின்றனர். அரசன் ஏற்கவில்லை. உயிர்களுக்கு அச்சம் ஐந்து வழிகளில் வரும், தன்னால், தன்னைச் சூழ்ந்தோரால், பகைவரால், கள்வரால், பிற உயிர்களால் என அவற்றை எண்ணி, அவ்வைந்தையும் தீர்ப்பவனே காவலன் என்ற கொள்கையை அவன் முன்வைக்கிறான். இவ்வரிசையில் முதல் இடம் அரசனுக்கே என்பதைக் கவனித்தால், தேரை ஓட்டியவன் தண்டிக்கப்படுமுன்பே பழி சிம்மாசனத்தைத் தொட்டுவிட்டது என்பது விளங்கும். இராமலிங்க அடிகளின் நூலில் அரசன் தான் என்னென்ன பாவம் செய்ததால் இது நேர்ந்தது என்று நீண்ட பட்டியலிட்டுத் தன்னையே கேட்டுக்கொள்வது, சேக்கிழார் விதைத்ததன் விளைவேயாகும். சக்கரத்தில் தொடங்கிய பழி குதிரைக்கும் பரிவாரத்துக்கும் கன்றின் துள்ளலுக்கும் சிதறாமல், மகனைக் கடந்து தந்தையிடம் ஏறிச் செல்கிறது.

அப்படியானால் தண்டனையும் தேர்க்காலாலேயே நிறைவேற வேண்டும் என்று கதை வற்புறுத்துவது ஏன்? மகனைக் கொல்ல வாளோ கயிறோ போதும். ஆணையிடப்பட்ட அமைச்சன் அதைச் செய்ய இயலாமல் தன் உயிரை மாய்த்துக்கொள்ள, அரசனே மகனை வீதியில் கிடத்தித் தேரை ஊர்கிறான். உக்லிச் மணியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே பொருள் குற்றவாளியாக்கப்பட்டு நாவிழந்தது. திருவாரூரிலோ தேர் நிறைகோலாகிறது, பசுவின் இழப்பை அரசனின் இழப்போடு நிறுத்துப் பார்க்கும் தட்டாகிறது. அதே சக்கரம், அதே வீதி, அதே எடை என்ற மூன்றும் மாறாமல் இருந்தால்தான் இரண்டு உயிர்களும் ஒன்றுக்கொன்று ஈடு என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு விலங்கின் கன்றுக்கும் ஓர் அரசகுமாரனுக்கும் சமன் சொல்லும் இந்தக் கணக்கு, அக்காலச் சமூகத்தில் ஒருபோதும் நடைமுறையாக இருந்திருக்க முடியாது என்று வாதிடலாம். நடைமுறையாக இல்லாததால்தான் அது கதையாகவும் கல்லாகவும் நிலைத்தது போலும்.

சைவ சித்தாந்தம் இக்கேள்விக்குச் சொல்லும் விடை, முதல் நோக்கில், தெளிவானது. ஒரு செயலுக்குக் காரணங்கள் மூன்று என்று அது வகுக்கிறது: குடம் உண்டாகும்போது மண் முதற்காரணம், திரிகை எனப்படும் சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம், அதாவது அறிந்து செய்விப்பவன். திரிகை சுழலாமல் குடம் இல்லை என்றாலும், குடத்தின் நிறைகுறைக்குத் திரிகையை யாரும் புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. பொருள்களெல்லாம் மாயையின் ஆக்கம், ஆகவே சடம், அறிவற்றவை. கன்மம் எனப்படும் வினையின் பயனோ அறிவுடைய உயிரைப் பற்றியே நிற்கும். முன்பு ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம் என்ற மூன்று வினைக்கணக்குகளில் எதிலும் தேர்க்காலுக்கு வரவுமில்லை, செலவுமில்லை. பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்று தேரையே கரைத்துவிடுகிறது. மிலிந்தன் என்று பாலிநூல் அழைக்கும் மெனாந்தர் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற துறவி, தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று, இவற்றின் சேர்க்கைக்கு இட்ட பெயரே தேர் என்று காட்டுகிறார். பழி ஏற்க ஒரு தேரே இல்லை. ஆனால் நாகசேனர் அந்த உவமையைக் கொண்டுவந்தது மனிதனையும் அவ்வாறே கரைத்துக் காட்டுவதற்காக என்பதால், தேரைப் பழியிலிருந்து விடுவித்த அதே வாதம் தேரோட்டியையும் விடுவித்துவிடுமோ என்ற ஐயம் எழுகிறது. பௌத்தர்கள் அதற்கு, வினை என்பது எண்ணமே என்று விடை கூறினர்.

எண்ணமே வினை என்றால் இளவரசன் குற்றமற்றவன். கன்றைக் கொல்ல அவன் எண்ணவில்லை. இங்குதான் சைவ மரபு தன்னைத் தானே நெருக்கடிக்குள் தள்ளிக்கொள்கிறது. அறிந்து செய்வதைப் புத்திபூர்வம் என்றும், அறியாமற் செய்வதை அபுத்திபூர்வம் என்றும் பிரித்துப் பின்னதன் பாரம் குறைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் சிவராத்திரி இரவில் வில்வமரத்தின் மேல் உறங்காமலிருக்க இலையைப் பறித்துப் போட்ட வேடன், கீழே இலிங்கம் இருப்பதை அறியாமலே பெரும்பயன் பெற்றான் என்ற கதையை அதே மரபு ஆண்டுதோறும் சொல்கிறது. அறியாமல் விழுந்த இலைக்கு வீடுபேறு உண்டென்றால், அறியாமல் உருண்ட சக்கரத்துக்குக் கணக்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? புண்ணியத்துக்கு ஒரு நிறைகோல், பாவத்துக்கு ஒரு நிறைகோல் என்று வைத்துக்கொள்ள மனம் விரும்பும். மெய்ப்பொருளியல் அதை ஏற்காது.

இந்த முடிச்சை மிக நேர்த்தியாக அவிழ்த்தவர்கள் சமணர்கள் என்று கருத இடமுண்டு. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிச் சென்ற அந்த மரபின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம், கொலை என்பதை ‘பிரமாதத்தால் உயிரை நீக்குதல்’ என்று வரையறுக்கிறது. பிரமாதம் என்றால் இன்றைய பேச்சுவழக்கின் ‘அருமை’ அன்று. விழிப்பின்மை, அசட்டை, தன்னிலை மறந்த சோர்வு என்பதே அதன் பழம்பொருள். தமிழில் இதற்குச் சரியான சொல் பொச்சாப்பு. திருக்குறள் அதை விலக்கச் சொல்லும் பொச்சாவாமை அதிகாரத்தைப் பொருட்பாலில் அரசியல் பகுதியில் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. எண்ணமும் இல்லாமல், வெறும் நிகழ்ச்சியும் அல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு குற்றநிலம் உண்டு. அதிகாரம் உடையவன் எவனோ அவனே அந்நிலத்தின் உடைமையாளன். தேரின் வேகத்தை அறிந்தவனுக்கு வீதியில் கன்றுகள் உண்டு என்பதையும் அறியும் கடமை இருக்கிறது.

கடமையை மீறியவனிடமிருந்து பழி எப்படி நீங்கும் என்ற அடுத்த கேள்விக்கு, பாண்டிநாட்டு அரசன் ஒருவனின் கதை வேறொரு விடையைத் தருகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும்படி, வரகுண பாண்டியன் வேட்டையாடித் திரும்பும் இரவில், வழியில் தளர்ந்து உறங்கிக்கொண்டிருந்த அந்தணர் ஒருவரை அவனுடைய குதிரை மிதித்துக் கொன்றது; அவன் அதை உணரவேயில்லை. இறந்தவரைக் கொண்டுவந்து காட்டியபின், தானங்களும் சடங்குகளும் செய்தும், பிரமகத்தி என்ற பழியுருவம் நிழலாய் அவனைத் தொடர்ந்தது. மதுரை இறைவன் வழிகாட்ட, அவன் திருவிடைமருதூர்க் கோயிலின் கிழக்கு வாயிலில் நுழைந்தபோது அவ்வுருவம் உள்ளே வர அஞ்சி வாயிலிலேயே நின்றுவிட, அவன் மேற்கு வாயில் வழியாக வெளியேறிப் பழி நீங்கினான். வந்த வழியே திரும்பலாகாது என்ற வழக்கம் அக்கோயிலில் இன்றும் பேசப்படுகிறது. இங்கே குதிரையைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது சித்தாந்தத்துக்கு இசைவானது. ஆனால் பழி அரசனை விட்டு நீங்கியதேயன்றி அழியவில்லை. வாயிலில் உட்கார்ந்து காத்திருக்கிறது. தெய்வம் தோன்றிக் கன்றும் மகனும் உயிர்பெற்று எழுந்த திருவாரூரைப் போலன்றி, இறந்த அந்தணர் இக்கதையில் எழவில்லை. அவர் பெயரும் நமக்குச் சொல்லப்படவில்லை. அவர் சார்பில் மணி அடிக்க எவரும் வரவில்லை. அரசனுக்கு விடுதலை கிடைத்த கதையாகவே இது சொல்லப்பட்டுவருகிறது; வாயிலில் காத்திருப்பதன் பக்கம் நின்று பார்த்தால், மணி இல்லாத இடத்தில் பழிக்குப் போக வேறிடம் இல்லை என்ற கதையாகவும் இதைப் படிக்கலாம்.

சங்கரன்கோவிலின் பிறப்புக் கதையும் அறியாமல் நேர்ந்த ஒரு காயத்தில்தான் தொடங்குகிறது. புன்னைவனத்தைக் காத்துவந்த காவற்பறையன் அங்கிருந்த புற்றை வெட்டியபோது உள்ளே இருந்த பாம்பின் வாலும் வெட்டுண்டு குருதி பெருக, அருகே சிவலிங்கம் ஒன்று இருக்கக் கண்டான் என்றும், யானை மேலே செல்லாமல் நின்றுவிட்ட உக்கிரபாண்டியனிடம் அவன் ஓடிச்சென்று சொல்ல, அரசன் அங்கே கோயில் எடுத்தான் என்றும் தலபுராணம் கூறுகிறது. வெட்டிய கருவி பற்றியோ, வெட்டியவனுக்குத் தண்டனை பற்றியோ பேச்சே இல்லை. அந்தப் புற்றுமண்ணே இன்றளவும் பிரசாதம். விடக்கடிக்கும் தோல்நோய்க்கும் மக்கள் அதை நீரில் குழைத்துப் பூசுகின்றனர், பாம்பும் தேளும் பொறித்த தகடுகளை வாங்கி உண்டியலில் இடுகின்றனர். காயம் பட்ட இடமே மருந்தாகிவிட்டது. திருவாரூரில் உயிருக்கு உயிர் என்று நிறுத்த அதே தெய்வ நீதி, இங்கே நிறைகோலைக் கீழே வைத்துவிட்டதற்குக் காரணம் என்ன? காவற்பறையன் ஓடி ஒளியவில்லை, கழுவாய் கேட்டுப் போகவும் இல்லை. கண்டதை மறைக்காமல் உடனே சென்று சொன்னான் என்பது கதை தரும் ஒரே தடயம். அதிகாரம் ஏதுமற்ற காவலாளியிடம் பொச்சாப்பின் பழி ஏறுவதற்கு உயரமான இடமும் இல்லை. நிலத்தின் உடைமை எவனிடம் இருந்ததோ அவன் கோயில் கட்டினான்.

அதே சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவின் ஒன்பதாம் நாள் கோமதி அம்மன் தேர் ரத வீதிகளில் ஓடும்போது, அதைச் செலுத்துவது வடம் பிடிக்கும் பல நூறு கைகள். முன்னே பாயும் மரக்குதிரைகள் அழகுக்கே. திசையையும் வேகத்தையும் ஆள்பவர்கள் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு ஓடும் சிலரே. முட்டுக்கட்டை என்பது சக்கரத்துக்குக் கீழே செருகித் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் உதவும் ஆப்பு வடிவ மரம். செயலைத் தடுப்பவரை முட்டுக்கட்டை போடுகிறார் என்று தமிழ் பழிப்பது, உயிரைப் பணயம் வைத்துத் தேரை அடக்கும் அந்தத் தொழிலுக்குச் செய்த அநீதி என்றே சொல்ல வேண்டும். வடம் ஆயிரம் கைகளில் இருக்கும்போது பழி யாரிடம் ஏறும் என்பதற்குச் சேக்கிழாரிடம் விடை இல்லை. அவருடைய தேருக்கு ஒரே ஓட்டி.

பக்கத்துக் கழுகுமலையில் 1895ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவில் இந்தச் சிக்கல் குருதியில் எழுதப்பட்டது. ரத வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை நாடார் சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டு, வழக்குகள் தோற்று, அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கம் தழுவித் தேர் செல்லும் வீதியில் தம் வழிபாட்டிடத்தின் முன் பந்தல் எழுப்பியிருந்தனர். தேர் அங்கு வந்து நின்றபோது கலவரம் மூண்டு, எட்டயபுரம் ஜமீனின் மேலாளர் உள்ளிட்ட இருதரப்பு உயிர்களும் பலியாயின. கொலைகளைச் செய்தவை மனிதக் கைகளும் ஆயுதங்களும். தேர் வெறுமனே நின்றது. ஆயினும் அந்த வீதி யாருடையது என்று சொல்லும் உரிமையே தேராக உருக்கொண்டு அன்று உருண்டது என்பதால், வெறுமனே நின்றது என்ற சொல்லும் முழு உண்மையாகாது. சித்தாந்தத்தின் துணைக்காரணம் என்ற சொல்லுக்கு இங்கே போதிய வலுவில்லை. ஒரு சமூகத்தின் ஆணவமலம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு, மரத்தையும் கயிற்றையும் உடலாகக் கொள்ளுமானால் அதை எந்தக் காரணத்தில் சேர்ப்பது என்று பழைய நூல்கள் வகுத்துத் தரவில்லை. 2022 ஏப்ரல் 27 விடியலுக்கு முன் தஞ்சை அருகே களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியைத் தொட்டு 11 பேர் மாண்டது முற்றிலும் வேறு வகை நிகழ்ச்சி. அதில் பகை இல்லை. தேரின் உயரம், கம்பியின் தாழ்வு, சாலையின் மட்டம், மின்சாரத்தை நிறுத்தாமை என்று பல சிறு கவனக்குறைவுகளுள் எது நிமித்தம் என்று தேடும்போது, எரிந்த தேரைப் பார்த்து மக்கள் தோஷம் என்று சொல்வதன் உட்பொருள் புரியலாம். பழி ஏறிச்செல்ல வேண்டிய படிகளில் ஒவ்வொருவரும் விலகி வழிவிட்டால், அது கீழேயே, சக்கரத்தில், தங்கிவிடுகிறது.

விலகாத ஒருவனை ஈழத்துப் பாலி நூலான மகாவம்சம் நினைவில் வைத்திருக்கிறது. அனுராதபுரத்தை ஆண்ட தமிழரசன் எல்லாளனைப் பற்றியும் கன்று, மணி, மகன், தேர்க்கால் என்ற அதே கதையை அது சொல்கிறது. ஆங்கே தெய்வம் தோன்றவில்லை; கன்றும் மகனும் மீளவில்லை. அதைத் தொடர்ந்து, எல்லாளன் தானே தேரில் சென்றபோது நுகத்தின் முனை பட்டு ஒரு புத்தத் தூபி சிதைந்ததாகவும், அவன் உடனே இறங்கி வழியில் படுத்து, இதே சக்கரத்தால் என் தலையையும் அறுங்கள் என்று கேட்டதாகவும், தூபியைச் செப்பனிடுவதே போதும் என்று அமைச்சர் தடுக்க, பெயர்ந்த 15 கற்களுக்காக 15,000 காசு செலவிட்டதாகவும் அந்நூல் கூறுகிறது. பௌத்த சமயத்தைச் சாராத அரசனைப் பற்றி, அவனை வென்றவனின் பெருமையைப் பாடும் நூலே இதைச் சொல்கிறது. போரில் அவனைக் கொன்ற துட்டகைமுனு, அவன் வீழ்ந்த இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி, அதைக் கடக்கும் எவரும் வாத்திய முழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று விதித்தான். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்று, ஆங்கிலேயருக்குத் தப்பி அவ்வழியே சென்ற பிலிமத்தலாவை என்ற கண்டிப் பிரதானி, உடல் தளர்ந்திருந்தும், எல்லாளன் சமாதி என்று நம்பப்பட்ட அந்த இடம் வந்ததும் பல்லக்கிலிருந்து இறங்கி, அதைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகத் தெரியும்வரை நடந்தே சென்றார் என்று போர்ப்ஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.